இல்லாமல் இருக்க வேண்டிய வண்டி

2004 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். இரண்டு தம்ளர் வெந்நீர் குடித்தேன். முந்தைய நாள் வந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைத்திருந்தேன். அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். பாதிச் சவரத்தில் மின்சாரம் போயிற்று. மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் முடித்தேன். ஆறு மணிக்குக் கீழே இறங்கியபோது நடைபாதையில் கடைக்கு ஒரு ஜெனரேட்டராக உறுமிக்கொண்டிருந்தது. பலகைகளில் யாங்கோன் என்று இருக்கிறது. இங்குள்ள தமிழர்கள் ரங்கூன் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தெருமுனைத் தேநீர்க் கடையில் மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், அதில் வாழைத்தண்டு, மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போடுகிறார்கள். மீன் குழம்பில் வாழைத்தண்டு என்று கோயம்புத்தூரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார். உட்கார முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஸ்டூல். மேஜைக்கு ஒரு பிளாஸ்க் வெறும் தேநீர் இலவசம். எவ்வளவு குடித்தாலும் கேட்பதில்லை.

சாப்பிட்டதும் வழக்கம்போல நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பக்கத்து மேஜையில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எதிரே நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டிய ஒருவன், முப்பத்தைந்து வயது இருக்கும், வெற்றிலை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தபோது அவனும் எழுந்தான். தெரு திரும்பியபோதும் பின்னால் இருந்தான். இதையும் நோட்டில் குறித்தேன்: 6.50, நீலக் கட்டம்.

நான் வந்த வேலை இது. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளியின் பழைய கார்களுக்கு நான் பொறுப்பாளர். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ரங்கூனிலிருந்து தமிழில் முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் உலகப் போருக்கு முன்னால் அமெரிக்காவில் செய்த ரேசபவுட் என்னும் பந்தய வண்டி தன்னிடம் இருக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று செய்யது என்பவர் எழுதியிருந்தார். அசலா என்று பார்த்துவரச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். ஒரு நிபந்தனை: கம்பெனியின் பித்தளைத் தகடும் அதில் உள்ள எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

அந்தக் கம்பெனியின் பெயரையும் எண்ணையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நியூ ஜெர்சி மாநிலத்தில், பாலம் கட்டிப் பேரெடுத்த குடும்பம் ஒன்றின் பணத்தில் தொடங்கிய கம்பெனி அது. அங்கே இருந்த எஞ்சினியருக்கு ஓர் ஆசை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், பந்தயத்தில் ஓடி, ஜெயித்து, அதே வண்டியில் வீடு திரும்ப வேண்டும். அதற்காகவே செய்தார். கதவு இல்லை, கூரை இல்லை. பக்கெட் போல இரண்டு இருக்கைகள், பின்னால் உருளையாக ஒரு பெட்ரோல் டாங்கி. ஓட்டுபவர் முகத்துக்கு நேரே, ஸ்டியரிங் தண்டில் பொருத்திய வட்டக் கண்ணாடி ஒன்று. அவ்வளவுதான் காற்றுத் தடுப்பு. ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் ஓடும் என்று கம்பெனியே உறுதி கொடுத்து விற்றது. குதிரை வண்டிகள் ஓடிய சாலையில் அது என்ன வேகமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் வால்வுகள் இரண்டு பக்கமும் இருக்கும். அந்த எஞ்சினியர் விலகிய பிறகு எஞ்சினும் மாறிவிட்டது. ஆகவே இரு பக்க வால்வு இருந்தால் அது முதல் சில வருடத்து வண்டி. இன்று உலகத்தில் விரல் விட்டு எண்ணலாம் என்கிறார்கள். போலிகள்தான் அதிகம்.

செய்யதுவின் கடை போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் ரோடுக்கு ஒரு தெரு உள்ளே. பஸ்ஸில் போனேன். இங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. பஸ்களோ ஜப்பானிலிருந்து வந்த பழையவை, கதவு இடது பக்கம். இறங்கினால் நடுச்சாலையில் இறங்க வேண்டும். இறங்கினேன். ஒரு லாரி என் சட்டைப் பையை உரசிக்கொண்டு போனது. கண்டக்டர் ஏதோ கத்த, பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைப் பலகையில் செய்யது என்ற பெயரே இல்லை. 'ஊ தான் ஸ்வே, கயிறு, சங்கிலி, கப்பல் சாமான்' என்று இருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொன்னார். கடிதம் எழுதியவர் ஒரு பெயர், கடைக்காரர் வேறு பெயர். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

"வாங்க தம்பி, கோயம்புத்தூர்தானே? கையில நோட்ட பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டேன்" என்று உள்ளிருந்து ஒரு குரல். அறுபத்தாறு வயது, வெள்ளைத் தொப்பி, பனியன்.

"பலகையில் வேறு பெயர் இருக்கிறதே?"

"அது பள்ளிக்கூடத்துல, ஆபீஸ்ல சொல்ற பேரு. இது பள்ளிவாசல்ல கூப்பிடுற பேரு. இங்க எங்க ஆளுக எல்லாருக்கும் ரெண்டு இரிக்கி. உங்களுக்கு ஒண்ணுதானா? பாவம்."

நான் சிரிக்கவில்லை. வண்டியைக் காட்டச் சொன்னேன்.

கிடங்கு ஆற்றங்கரையில் இருந்தது. கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் தார்ப்பாயை விலக்கினார். அடிச் சட்டம், நான்கு சக்கரம், ஸ்டியரிங், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்பு. இருக்கைகள் மக்கிவிட்டன. எஞ்சின் இல்லை. "அது கியாக்தான்ல என் மச்சான் மில்லுல இரிக்கி. ஜப்பான்காரன் சண்டைக்கு அப்புறம் நெல்லு குத்த எடுத்துப்போனாங்க" என்றார்.

பழைய வண்டி செய்வது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பலருக்குத் தெரியும். புளித் தண்ணீரும் கல் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் பத்தே நாளில் தொண்ணூறு வருடத் துரு ஏறிவிடும். அந்தத் துரு நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். இங்கே சுரண்டினேன், உதிரவில்லை, தகடாகப் பெயர்ந்தது. ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்க வண்டியில் வலது பக்கமா என்று கடிதத்தைப் படித்தபோதே முதலாளியின் மருமகன் சிரித்திருந்தார். அந்தக் காலத்தில் அவர்களும் வலது பக்கம்தான் வைத்தார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் வண்டிக்கு வெளியே, சட்டத்தை ஒட்டி இருந்தது. போலி செய்கிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தடுப்பில் தகடு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். நான்கு துளைகள். சுற்றிலும் துரு. துளைகளுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஓர் இடம் மட்டும் அடர் கருப்பாக, பழைய வர்ணத்தோடு இருந்தது.

"தகடு எங்கே?"

"காணாமப் போச்சி."

"எப்போது?"

"சண்டையில."

அறுபது வருடம் திறந்து கிடந்த இடத்தில் வர்ணம் அப்படி இருக்காது. நான் அதைச் சொல்லவில்லை. "பரவாயில்லை. எஞ்சினில் எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டால் பழைய பதிவேட்டில் பார்த்துச் சொல்வார்கள்" என்றேன். எங்கள் வேலையில் இது வழக்கமான நடைமுறை.

செய்யதுவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆபீசுக்கா? வேணாம் தம்பி. அங்கல்லாம் போவாதீங்க."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

திருட்டு வண்டி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார். ஆணம் என்று அவர்கள் சொல்கிற மாட்டிறைச்சிக் குழம்பு, பக்கத்தில் வறுத்த ஙாப்பி. ஙாப்பி என்பது நாட்பட்ட மீனை இடித்த விழுது. மணம் கை கழுவிய பிறகும் போகவில்லை. பரிமாறியவள் மகள் ஜமீலா. உள்ளே யாருடனோ பர்மிய மொழியில் தாழ்ந்த குரலில் சண்டை போட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என்னைக் கியாக்தானுக்கு அழைத்துப்போகப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. பின்னால் இரண்டு பெஞ்சு போட்டு ஆள் ஏற்றுகிற வண்டி. லைன் கார் என்கிறார்கள். முன் கதவைத் திறந்துவிட்டவன் நீலக் கட்டம் போட்ட லுங்கிக்காரன்.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர். கோ மின்" என்றாள் ஜமீலா. அவளும் ஏறிக்கொண்டாள்.

"நேற்று என் பின்னால் வந்தாரே?"

அவள் கேட்டுச் சொன்னாள்: "டீக்கடையில உக்காந்து எழுதுறவன் இங்க ஒரே சாதிதான், அண்ணே, பட்டாளத்துக்கு உளவு சொல்றவன். வாப்பா வரச்சொன்ன நீங்க அந்தச் சாதியான்னு பாக்க வந்தாராம்."

"பார்த்து என்ன தெரிந்தது?"

கோ மின் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "அந்த ஆளுக பில்லு குடுக்க மாட்டாங்க. நீங்க குடுத்தீங்களாம். அதனால சந்தேகம் பாதி போச்சாம்."

எனக்கோ அவன்மேல் சந்தேகம் முழுதாகவே இருந்தது. ஆற்றின் குறுக்கே உள்ள பெரிய பாலத்தில் காவலர் கை காட்டினார். கோ மின் வண்டிப் புத்தகத்தை நீட்டினான். காவலர் அதையும் என் பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துக் கொடுத்தார். அவன் கழுத்து வியர்த்திருந்தது. காலை எட்டு மணி, வெயிலே இல்லை.

கியாக்தான் சின்ன ஊர். ஆற்றின் நடுவே தீவில் ஒரு புத்தர் கோயில். மீனுக்குப் பொரி போட வந்த கூட்டம் படகுக்கு நின்றது. மில்லில் கோணிகளை நகர்த்தியதும் எஞ்சினைப் பார்த்தேன். நான்கு சிலிண்டர், வால்வுகள் இரண்டு பக்கமும். ஆக, முதல் சில வருடத்து வண்டியேதான். மண்ணெண்ணெயில் துடைத்து, அடித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எண் தெளிவாக விழுந்தது. எழுந்தபோது கோ மின் என் பின்னால் நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், பாலத்துக்கு இரண்டு மைல் முன்னால், பிக்கப் கொதித்து நின்றது. கோ மின் பானெட்டைத் தூக்கியதும் ஆவி அடித்தது. முதல் வேலையாக அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உட்பக்கத் தடுப்பின் மேல் போட்டான். பிறகுதான் ரேடியேட்டரைப் பார்த்தான். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை வெறும் கையால் தொட முடியாது. துண்டு அங்கே எதற்கு? அவன் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனான். நான் துண்டை எடுத்தேன்.

ஜப்பான் பிக்கப்பின் தடுப்பில் முட்டை வடிவப் பித்தளைத் தகடு ஒன்று, நான்கு ஆணிகளோடு இருந்தது. கம்பெனிப் பெயர், ஊர்ப் பெயர், எண். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். ஒரே எண்.

ஜமீலா கீழே இறங்கி வந்தாள். "துண்ட போட்டுடுங்க அண்ணே" என்றாள். "ரோட்டுல ஆள் வருது."

போட்டேன். கோ மின் வாளியோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்து நின்றான். தண்ணீர் ஊற்றினான். பாலத்தில் இந்த முறை எங்களை நிறுத்தவில்லை.

வீட்டில் செய்யது என் முன்னால் உட்கார்ந்து சொன்னார். எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த அமெரிக்கர் ஒருவர் அந்த வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தார். எண்ணெய் ஊரில் சாலை இல்லை. மணலில் புதைந்து புதைந்து வெறுத்துப்போய் ரங்கூனில் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். கயிறு வாங்கிய பழக்கத்தில் செய்யதுவின் பாட்டனார் கைக்கு வந்தது. வாப்பா காலத்தில் சண்டை வந்தது. எஞ்சின் மில்லுக்குப் போனது.

"அப்புறம் புது வண்டி எறக்க முடியாத காலம் வந்திச்சி. பேப்பர் கெடைக்காது. பழைய வண்டி புஸ்தகம் ஒண்ணு கையில இருந்தா போதும். பாடிய மாத்தினேன்னு எழுதிக்கலாம். எஞ்சின மாத்தினேன்னு எழுதிக்கலாம். ஊரே அப்படித்தான் ஓட்டிச்சி. எங்க அமெரிக்கா வண்டி முதல்ல பஸ்ஸாச்சி, அப்புறம் ஜீப்பாச்சி, இப்ப லைன் காராச்சி. வருசா வருசம் தகட்டையும் புஸ்தகத்தையும் பாத்து முத்திரை குத்துவாங்க."

"அடிச் சட்டத்தை மாற்றினேன் என்று எழுத முடியுமா?"

"அது மட்டும் முடியாது. சட்டம் அதேதான்னு சொல்லித்தான் ஓடுது."

"அப்படியானால் கிடங்கில் இருப்பது?"

"அது இல்ல தம்பி. கணக்குப்படி அது இல்லவே இல்ல. அது இரிக்கின்னு எவனாவது எழுதிக் குடுத்தா, மாப்பிள்ளை வண்டி போகும், அவரும் உள்ள போவாரு."

"பிறகு ஏன் எங்களுக்கு எழுதினீர்கள்?"

"கெடங்க சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இரும்புக்காரன் வெட்டி எடுத்துப்போக வருவான். வாப்பா தொடச்சித் தொடச்சி வச்ச வண்டி. தகடு இல்லாமலே எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன். மாப்பிள்ளைக்கிட்டக்கூட கேக்கல."

"மாமா கேக்கல" என்றான் கோ மின், தமிழில். அவனுக்குத் தமிழ் வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பர்மிய மொழியில் அவன் பேசியதை ஜமீலா மொழிபெயர்க்கவில்லை. செய்யது தலையைக் குனிந்துகொண்டார். நான் இரண்டு நாளாகத் தேடிய குற்றம் இதுதான். பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னது எங்கள் ஊரில் ஒழுங்கு. இங்கே அது ஒருவனைக் காட்டிக்கொடுப்பது.

வியாழக்கிழமை யூனியன் தினம், விடுமுறை. நான் எங்கும் போகவில்லை. மதியம் தெருவில் கையால் பிசைந்து தரும் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டேன். சென்னைக் கடற்கரைப் பக்கம் விற்கிற அத்தோவில் எண்ணெயும் காரமும் இதைவிட அதிகம். இங்கே புளிப்பு முந்துகிறது. சாப்பாட்டில் மனம் செல்லவில்லை.

மாலை ஏழு மணிக்கு ஓட்டல் முன்கூடத்திலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். இணைப்பு கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. வரவேற்பு மேஜைக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

"அசலா?"

"அசல்தான். எனக்குச் சந்தேகமே இல்லை."

"தகடு?"

"வண்டியில் இல்லை. துளைகள் நான்கு இருக்கின்றன."

"எஞ்சின் நம்பர்?"

"அதை எழுதித் தர முடியாது."

"அழிஞ்சு போச்சா?"

"அழியவில்லை. எழுதித் தர முடியாது."

"என்னய்யா பேசறீங்க? ஸ்க்ரூ எண்ணிக் கணக்குக் குடுக்கற ஆளு நீங்க. நம்பர் இல்லாத அசலை நான் எவங்கிட்டக் காட்டறது?"

"காட்ட முடியாதுங்க. வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்."

"வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். இருபத்தெட்டு வருட வேலையில் பரிசோதனைப் படிவத்தில் ஒரு கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டது அன்றுதான்.

நேராகச் செய்யது வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதலாளி எடுக்கமாட்டார், எண் யாருக்கும் போகாது என்றேன். செய்யது தலையாட்டினார். "அப்ப இரும்புக்காரன்தான்" என்று எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"மில்லில் இடம் இருக்கிறதே? எஞ்சின் அங்கேதானே இருக்கிறது?" என்றேன்.

"எதுல கொண்டுபோறது? அந்நிய வண்டிக்காரன் கண்ணுல காட்ட முடியாது. மாப்பிள்ளை இதையும் அவரு வண்டியையும் சேத்து ஒரு ரோட்டுல கொண்டுபோக மாட்டேன்னுட்டாரு. முப்பது வருசமா அதான் ஏற்பாடு. ஒண்ணு இருக்கிற எடத்துக்கு இன்னொண்ணு வரப்படாது."

கோ மின் கதவருகே குந்தியிருந்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மனைவியிடம் ஏதோ சொன்னான்.

"பாலத்துல காலையில ஆறு மணிக்கு ஆள் மாத்துவாங்களாம். போறவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம், வர்றவன் டீ குடிக்கணும். அந்த நேரத்துல போனா போயிடலாமாம்" என்றாள் ஜமீலா. "இத ஏன் முன்னாடியே சொல்லலன்னு வாப்பா கேக்கப்போறாங்க. இவரக் கேட்டாத்தானே சொல்லுவாரு?"

செய்யது திரும்பி மருமகனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நான் கேக்காதது தப்பு" என்றார். கோ மின் சரி என்பதுபோல் கையை அசைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஸயா வர வேணாம். வெளிநாட்டு ஆள் ஏறினா பாஸ்போர்ட் கேப்பான்" என்றான். ஐயா என்பதற்கு இங்கே ஸயா.

"வரவில்லை. ஏற்றிவிட வரலாமா?"

"தூக்குவீங்களா? அம்பது வயசு."

"ஐம்பத்திரண்டு" என்றேன். அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கிடங்கில் இருந்தேன். சக்கரங்களைக் கழற்றினோம். நான்கு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சட்டத்தைப் பிக்கப்பில் ஏற்றினோம். பெஞ்சுகளுக்கு நடுவே படுக்கவைத்து மேலே கயிற்றுச் சுருள்களைப் போட்டு மூடினார்கள். ஆனாலும் நாலடி நீளம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கோ மின் சாவியைத் திருப்பினான். நிறுத்தச் சொன்னேன். வெளியே நீட்டுகிற சுமைக்குச் சிவப்புத் துணி கட்டாமல் சாலையில் எடுக்கக் கூடாது. ஜமீலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய சிவப்பு லுங்கியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்தாள். மணி ஐந்து இருபது, ஆறுக்குப் பாலத்தில் இருக்க வேண்டும். சட்டத்தின் முனையில் அதைச் சுற்றி, அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டேன்.